முதலில் தெரு, அப்புறம் இறையியல்

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில், பௌலண்ட் தெருவில் யூதர்களின் ஜெப ஆலயம் ஒன்று இருக்கிறது. 1881-ல் கட்டி முடித்தது. லாட வடிவ வளைவுகளும், சிவப்பும் வெளிர்மஞ்சளுமாக மாறிமாறி வரும் கல்வரிசைகளுமாக மூரிஷ் பாணியில் எழுப்பியிருப்பதால், தெரியாதவர் பார்த்தால் பள்ளிவாசல் என்றுதான் நினைப்பார். 2011 கணக்கெடுப்பின்படி நகரத்தில் நான்கில் ஒருவர் முஸ்லிம். யூதர்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குச் சுருங்கிவிட்டார்கள்.

2012 வாக்கில் ஆலயத்தின் கூரை ஒழுகத் தொடங்கியது. உறுப்பினர்கள் ஐம்பது பேர்கூட இல்லை. கட்டடத்தை விற்றுவிடலாமா என்று தலைவர் ரூடி லீவர் யோசித்துக்கொண்டிருந்தார். நாஜிகளுக்குத் தப்பி 1937-ல் பெர்லினிலிருந்து சிறுவனாக வந்து, பிராட்ஃபோர்டிலேயே பல் மருத்துவரானவர் அவர். அந்தச் சமயத்தில், பக்கத்தில் கறி உணவகம் நடத்திவந்த முஸ்லிம் ஒருவர் ஒரு வேலையாக அவரை அணுகினார். அதே தெருவில் இன்னோர் உணவகம் திறக்க விண்ணப்பம் போயிருக்கிறது, வண்டி நிறுத்த இப்போதே இடமில்லை, சேர்ந்து ஆட்சேபிக்கலாமா என்று கேட்டார்.

இப்ராஹீம் நபியைப் பற்றியோ மோசேயைப் பற்றியோ யாரும் பேசவில்லை. பேச்சு முழுக்க பார்க்கிங். ஆட்சேப மனுவில் தொடங்கிய பழக்கம் மெல்லக் கூரைக்குப் போனது. பிராட்ஃபோர்டு பள்ளிவாசல்களின் கவுன்சில் உதவிக்கு வந்தது. அவசரப் பழுதுக்கு உள்ளூர் முஸ்லிம்களிடமிருந்து பணம் வந்தது. கூடவே நின்று விண்ணப்பம் எழுத, லாட்டரி வருமானத்தில் நடக்கும் பாரம்பரிய நிதியிலிருந்து 1,03,000 பவுண்டு கிடைத்தது. 2013 டிசம்பரில் பத்திரிகைகள் இதை எழுதியபோது உலகமே ஆச்சரியப்பட்டது. தெருக்காரர்களுக்கு அதில் பெரிய ஆச்சரியம் இருந்திருக்காது.

சமய நல்லிணக்க மாநாடு என்றால் எப்படி இருக்கும் என்பது தமிழ் வாசகருக்கு நன்றாகவே தெரியும். மேடையில் மூன்று மதத்துப் பெரியவர்கள், ஆளுக்கொரு பொன்னாடை, எல்லா மதமும் அன்பையே போதிக்கிறது என்று ஒரு வாக்கியம், அப்புறம் குரூப் போட்டோ. வந்தவர்கள் வந்தபடியே திரும்பிப் போவார்கள். பிரிட்டனிலும் இப்படிப்பட்ட கூட்டங்களுக்குப் பஞ்சமில்லை. பிராட்ஃபோர்டு போன்ற அனுபவங்கள் காட்டுவது வேறு வரிசை: இரண்டு தரப்புக்கும் பொதுவான ஒரு தலைவலியைப் பிடித்துக்கொள்வது, அதற்காகச் சேர்ந்து அலைவது, இறையியலைப் பிறகு வைத்துக்கொள்வது.

அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-லேயே இதற்குச் சட்டகம் போட்டுத் தந்துவிட்டார். வெவ்வேறு குழுவினர் சந்தித்தாலே வெறுப்பு குறைந்துவிடாது என்றார் அவர். சந்திப்பில் இரு தரப்பும் சமநிலையில் இருக்க வேண்டும், குறிக்கோள் பொதுவாக இருக்க வேண்டும், ஒத்துழைத்தால்தான் அது நடக்கும் என்ற நிலை வேண்டும், அதிகாரத்தில் இருப்பவர்களின் ஆதரவும் வேண்டும். பொன்னாடை மேடையில் இந்த நான்கில் கடைசி ஒன்று மட்டும்தான் தேறும்.

பள்ளிவாசல் நிர்வாகிகள் அக்கம்பக்கத்தாரோடு பழக விரும்பினால் முதலில் கவனிக்க வேண்டியது வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணி. ஜும்ஆ தொழுகைக்கு அவசரமாக வரும் கார்கள் அடுத்த வீட்டு வாசலை மறித்து நிற்கும். உள்ளே இருக்கும் கிழவி டாக்டரிடம் போக முடியாமல் தவிப்பார். அவருக்கு இஸ்லாத்தின்மேல் வரும் கோபத்தில் பாதி அந்தக் காரின்மேல் வரும் கோபம். பளிச்சென்ற மஞ்சள் மேற்சட்டை போட்ட இரண்டு தொண்டர்களைத் தெருமுனையில் நிறுத்துவதும், எந்த வீட்டிலிருந்தும் அழைக்கக்கூடிய ஒரு போன் நம்பரைக் கொடுத்து, அதை உண்மையிலேயே எடுத்துப் பேசுவதும் பத்து மாநாட்டுக்குச் சமம்.

இதற்கு அடுத்த படி கதவைத் திறப்பது. ஜெர்மனியில் 1997 முதல் ஆண்டுதோறும் அக்டோபர் 3-ஆம் தேதி, அந்நாடு ஒன்றுபட்ட தினத்திலேயே, பள்ளிவாசல்கள் எல்லாருக்கும் திறந்திருக்கின்றன. பிரிட்டனில் 2015 பிப்ரவரியில் முஸ்லிம் கவுன்சில் ஆஃப் பிரிட்டன் ‘விசிட் மை மாஸ்க்’ நாளைத் தொடங்கியபோது சுமார் இருபது பள்ளிவாசல்கள்தான் சேர்ந்தன. மூன்றே ஆண்டில் அது இருநூறைத் தாண்டியது. 2018-ல் பிரதமர் தெரசா மே மெய்டன்ஹெட் பள்ளிவாசலுக்கும், எதிர்க்கட்சித் தலைவர் ஜெரமி கோர்பின் ஃபின்ஸ்பரி பார்க் பள்ளிவாசலுக்கும் போனார்கள்.

இப்படி ஒரு நாளை நடத்தத் தேவையானவை பெரும்பாலும் சில்லறை விஷயங்கள்தான். வாசலில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி போட வேண்டும், ஏனென்றால் வருபவர்களில் பலர் ஓய்வுபெற்றவர்கள். கட்டிய ஷூவை நின்றபடி குனிந்து அவிழ்க்க அவர்களால் முடியாது. முக்காட்டுத் துணிகளை ஒரு கூடையில் வைக்கலாம், வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும். தொழுகை நேரம் ஒன்று இடையில் வருமாறு நிகழ்ச்சியை அமைத்து, பின்னால் உட்கார்ந்து பார்க்க இடம் கொடுத்தால், அரை மணி நேர விளக்கவுரை மிச்சமாகும். சமோசா, மருதாணி, வருபவர் பெயரை அரபியில் எழுதித் தரும் மேஜை ஆகியவை எங்கும் கூட்டம் சேர்ப்பவை. மேடைப் பேச்சு மட்டும் வேண்டாம். ஒரு தொண்டருக்கு நாலைந்து விருந்தினர் என்று பிரித்துவிட்டால் பேச்சு தானாக நடக்கும்.

கேள்விகளில்தான் பலரும் சொதப்புகிறார்கள். பெண்கள் எங்கே தொழுவார்கள், ஜிஹாத் என்றால் என்ன, ஹலால் முறையில் அறுப்பது கொடுமையில்லையா என்ற மூன்றும் கட்டாயம் வரும். மரியாதைக்காகக் கேட்காமல் போகிறவர்களும் உண்டு. அவர்கள்தான் சந்தேகத்தோடு வீடு திரும்புகிறவர்கள். பெயர் போடாமல் எழுதிப்போட ஒரு சீட்டுப் பெட்டி வைத்தால் அந்தக் கேள்விகளும் வெளியே வரும். பெண்களைப் பற்றிய கேள்விக்கு ஒரு பெண் பதில் சொல்லட்டும். ஆண்கள் கமிட்டி முழுதும் எழுந்து நின்று, இஸ்லாம் பெண்களுக்கு எவ்வளவு உரிமை தந்திருக்கிறது என்று விளக்கும் காட்சியை விடப் பரிதாபமானது வேறில்லை. பெண்களுக்கான இடம் உண்மையிலேயே சிறியதாக இருந்தால், ஆமாம், சிறியதுதான், பெரிதாக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லிவிடலாம். வாசலில் மதமாற்றத் துண்டுப்பிரசுரம் கொடுத்தால் அன்றைய உழைப்பு முழுக்க வீண். விருந்து என்று கூப்பிட்டுவிட்டு விற்பனை நடக்கிறது என்று வந்தவர் முடிவு கட்டிவிடுவார்.

கூப்பிடுவது பாதி வேலை, போவது மீதி. சர்ச்சில் கிறிஸ்துமஸ் சந்தை நடந்தால் பள்ளிவாசல்காரர்கள் நாலு பேர் போய்க் கேக் வாங்க வேண்டும். தெருவாசிகள் சங்கக் கூட்டத்தில் குப்பைத்தொட்டி பற்றிய நீண்ட விவாதத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். மறுபக்கத்துக்கும் சில பாடங்கள் இருக்கின்றன. நல்லெண்ணத்தோடு சமயக் கூட்டம் ஏற்பாடு செய்பவர்கள் அதை வெள்ளிக்கிழமை மதியத்தில் வைத்துவிடுவார்கள், அல்லது ரமலானில் பகல் விருந்தோடு. நோன்பு மாதம் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும் என்பதால் போன வருட நாட்காட்டி உதவாது. எங்கோ குண்டு வெடித்தால் பக்கத்து வீட்டுக்காரரிடம் கண்டன அறிக்கை கேட்பதையும் நிறுத்திக்கொள்ளலாம்.

லண்டனில் 2013-ல் மாணவர்கள் தொடங்கிய ‘ஓப்பன் இஃப்தார்’ டிரஃபால்கர் சதுக்கம்வரை வளர்ந்து, 2023-ல் செல்சீ கால்பந்துக் கழகத்தின் மைதானத்துக்குள்ளும் போனது. நோன்புக் கஞ்சி வாங்க எல்லா வீட்டுப் பிள்ளைகளும் தூக்குவாளியோடு பள்ளிவாசலில் வரிசை நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால் அந்தப் பழக்கம் இல்லாத ஊரில் அதைக் கட்டி எழுப்புவது லேசான காரியமில்லை.

கெட்ட பெயர் எடுத்த பள்ளிவாசலுக்கு இது இன்னும் கடினம். ஃபின்ஸ்பரி பார்க் பள்ளிவாசல் 1990-களின் கடைசியில் தீவிரவாதப் பேச்சாளர் அபு ஹம்சாவின் பிடியில் இருந்தது. 2003 ஜனவரியில் போலீஸ் சோதனை நடந்து, மூடப்பட்டு, 2005-ல் புதிய நிர்வாகிகளோடு மீண்டும் திறந்தது. அவர்கள் பழைய கதையை மறைக்கப் பார்க்கவில்லை. கேட்டவர்களுக்குச் சொன்னார்கள், வீடற்றவர்களுக்கு மதம் கேட்காமல் சூடான சாப்பாடு போட்டார்கள். 2017 ஜூன் 19 நள்ளிரவு தாண்டி, அந்த வட்டாரத்தில் முஸ்லிம் நலச்சங்கக் கட்டடத்தின் அருகே, ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹ் முடித்து வந்த கூட்டத்தின்மேல் ஒருவன் வேனை ஏற்றினான். மக்ரம் அலி என்பவர் இறந்தார். ஆத்திரத்தில் சூழ்ந்தவர்களிடமிருந்து அந்த ஆளைக் காப்பாற்றி, போலீஸ் வரும்வரை நின்றவர் இமாம் முகமது மஹ்மூத். அவ்வளவு பெரிய வட்டாரத்தில் அன்று பழிக்குப் பழி நடக்கவில்லை.

நெருக்கடி வரும்போது என்ன செய்வது என்பதற்கு யார்க் நகரம் அடிக்கடி காட்டப்படும் உதாரணம். 2013 மே 22 அன்று லண்டனில் லீ ரிக்பி என்ற ராணுவ வீரர் இஸ்லாமியத் தீவிரவாதிகளால் கொல்லப்பட்டார். நான்கு நாள் கழித்து யார்க் பள்ளிவாசல் முன்பு போராட்டம் என்று, முஸ்லிம் எதிர்ப்பு இயக்கமான இங்கிலீஷ் டிஃபென்ஸ் லீக்கின் ஆதரவாளர்கள் அறிவித்தார்கள். பள்ளிவாசல் கதவைப் பூட்டவில்லை, தேநீர் போட்டது. ஆதரவு தெரிவிக்க நூறு பேருக்கு மேல் வந்துவிட, போராட வந்தவர்கள் ஏழெட்டுப் பேர்கூடத் தேறவில்லை. தேநீரும் கஸ்டர்டு கிரீம் பிஸ்கட்டும் நீட்டி உள்ளே அழைத்தார்கள், சிலர் போனார்கள். அரை மணி நேரத்துக்கு மேல் பேச்சு, அதன் பிறகு கால்பந்து. பள்ளிவாசலின் மூத்தவர்களில் ஒருவரான பேராசிரியர் முகமது எல்-கொமாத்தி யார்க் பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் பணியாற்றியவர், ஊருக்குப் பழக்கப்பட்ட முகம். வந்த நூறு பேரும் பேஸ்புக்கைப் பார்த்து அன்று முளைத்தவர்கள் இல்லை.

லிவர்பூல் அனுபவம் இன்னும் பழையது. வில்லியம் ஹென்றி குவில்லியம் என்ற வழக்கறிஞர் மொராக்கோ போய்வந்து, 1887-ல் இஸ்லாத்தைத் தழுவி அப்துல்லா ஆனார். 1889 கிறிஸ்துமஸ் நாளில் புரோம் டெரஸ் வீட்டில் பள்ளிவாசலைத் திறந்து, அன்று ஊரின் ஏழைக் குழந்தைகளுக்குச் சாப்பாடு போட்டார். கிறிஸ்துமஸ் விருந்து ஆண்டுதோறும் தொடர்ந்தது. அதற்காகப் பள்ளிவாசல்மேல் விழுந்த கல்லெறி நின்றுவிடவில்லை. 2024 ஆகஸ்ட் 2 அன்று அதே பள்ளிவாசலின் முன் எதிர்ப்பாளர்கள் கூடியபோது, இமாம் ஆடம் கெல்விக் பர்கரும் சிப்ஸும் குளிர்பானமும் எடுத்துக்கொண்டு சாலையைத் தாண்டிப் போய்ப் பேசினார். ஓர் எதிர்ப்பாளர் அவரைக் கட்டிப்பிடித்த படம் உலகம் சுற்றியது.

அதே ஊரில் முஸ்லிம் கால்பந்து வீரர் முகமது சலாவின் கதையும் உண்டு. 2017-ல் அவர் லிவர்பூல் அணிக்கு வந்த பிறகு மெர்சிசைடு வட்டாரத்தில் வெறுப்புக் குற்றங்கள், அவர் வராதிருந்தால் எதிர்பார்க்கக்கூடிய அளவைவிட 16 சதவீதம் குறைந்தன என்றும், ரசிகர்களின் முஸ்லிம் விரோத ட்வீட்டுகள் ஏறக்குறைய பாதியானதாகவும் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். கோல் அடித்ததும் அவர் மைதானத்தில் நெற்றி தரையில் பட சஜ்தா செய்வார். எந்தத் துண்டுப்பிரசுரமும் அவ்வளவு பேரை எட்டியிருக்காது. ஆனால் எல்லா ஊருக்கும் ஒரு சலா கிடைப்பதில்லை. கிடைத்த மெர்சிசைடில்தான் 2024 ஜூலை 30-ஆம் தேதி சவுத்போர்ட் பள்ளிவாசல் தாக்கப்பட்டது.

அன்றிரவு அங்கே தேநீருக்கு இடமில்லை. முந்தின நாள் அதே ஊரில் மூன்று சிறுமிகளைக் கொன்றவன் புகலிடம் தேடி வந்த முஸ்லிம் என்று பொய்ச் செய்தி பரவியிருந்தது. கார்டிஃபில் பிறந்தவன் அவன், முஸ்லிம் அல்ல. செங்கற்கள் பறந்தன, போலீஸ் வேன் எரிந்தது, ஐம்பதுக்கும் மேற்பட்ட போலீஸார் காயமடைந்தனர். இமாமும் சிலரும் உள்ளே பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், அதுதான் சரியும்கூட. விருந்தோம்பலுக்கு வேளை உண்டு. லிவர்பூல் இமாம்கூடப் போலீஸ் சுற்றி நிற்க, கூட்டம் கலையத் தொடங்கிய பிறகுதான் உணவோடு சாலையைக் கடந்தார். கதவு திறக்கும் நாளைத் திட்டமிடும் கமிட்டி, கதவு மூடும் நாளுக்கும் யாரை அழைப்பது, எந்த வழியாக வெளியேறுவது, வீடியோ யார் எடுப்பது என்று எழுதி வைத்திருக்க வேண்டும். மறுநாள் காலை சவுத்போர்ட் மக்கள் துடைப்பத்தோடு வந்தார்கள், கொத்தனார்கள் இடிந்த மதிலைக் கூலி வாங்காமல் கட்டித் தந்தார்கள். அந்த வாரத்திலேயே பிரிட்டிஷ் அரசு பள்ளிவாசல்களுக்கு அவசரப் பாதுகாப்பு உதவியையும் அறிவித்தது.