சூழல் சுற்றுலா: தேக்கடி கற்பிக்கும் பாடம்

வறுமையில் வாடுவோரிடம், "மரத்தை வெட்டாதீர், விலங்கைக் கொல்லாதீர்" என்று அறிவுரை கூறுதல் எளிது, அவர்கள் வீட்டு அடுப்பு எரிவதற்கு வழி கூறுதலே அரிது. இவ்விரண்டையும் இணைக்கும் முயற்சியே சூழல் சுற்றுலா. இயற்கைக்கு ஊறு செய்யாமல் கண்டு வருதல், அதனால் வரும் வருவாய் அவ்விடத்து மக்களைச் சென்றடைதல் ஆகிய இரண்டும் அதன் இலக்கணம். ஒன்று குறைந்தாலும் அது வெறும் பொழுதுபோக்கே.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தேனி மாவட்டத்துக் கம்பத்தைக் கடந்து மலையேறினால் குமுளி; அதனை அடுத்தது கேரளத்துத் தேக்கடி. 1895ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்துள்ள காடு, 1978ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமாயிற்று. ஆயினும் சட்டம் மட்டும் காட்டைக் காத்துவிடவில்லை. காட்டு இலவங்க மரங்களின் பட்டையைக் கள்ளத்தனமாக உரித்து விற்றுப் பிழைத்தோர் பலர். சுற்றிலும் பட்டை உரிக்கப்பட்ட மரம் பட்டுப்போகும். உரித்தவரோ வழக்குகளுக்கு அஞ்சி ஒளிந்து வாழ்ந்தனர்.

1996ஆம் ஆண்டில் உலக வங்கியின் உதவியுடன் தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டம் இந்நிலையை மாற்றியது. பட்டை உரித்தவர்களுள் 20க்கும் மேற்பட்டோர் அத்தொழிலைக் கைவிட்டு, வனத்துறையோடு இணைந்து ஒரு குழுவாயினர். காட்டுத் தடங்களை நன்கறிந்த அவர்களே பயணிகளுக்கு வழிகாட்டிகளாகவும், காட்டுக்குக் காவலர்களாகவும் மாறினர். மன்னான், பளியர் பழங்குடியினரும் வழிகாட்டும் பணி பெற்றனர். மிளகு விளைச்சலை முன்கூட்டியே வணிகரிடம் ஒப்படைத்துக் கடனில் மூழ்கியிருந்த மன்னான் குடும்பங்கள், குழுவின் துணையால் மீண்டன. 2002ஆம் ஆண்டில் அப்பகுதிப் பெண்கள் 'வசந்த சேனை' என்னும் பெயரில் ஒன்றுகூடி, ஊதியம் பெறாமலே காட்டைச் சுற்றிக் காவல் புரியத் தொடங்கினர்.

வெளியுதவி நின்றபின் பல நற்பணிகள் மடிந்துவிடுவதை நாம் அறிவோம். இங்கோ 2004ஆம் ஆண்டில் பெரியாறு அறக்கட்டளை நிறுவப்பட்டது. பயணிகள் செலுத்தும் கட்டணத்தின் ஒரு பகுதி அதன்வழியே காட்டின் காவலுக்கும் மக்களின் நலனுக்கும் பயன்படுகிறது. மரம் நின்றால்தான் பயணி வருவார். பயணி வந்தால்தான் கூலி கிடைக்கும். இக்கணக்கு புரிந்த பின், காவல் பிறர் இட்ட கட்டளையாக இராமல் தம் கடமையாகிறது.

எனினும் இதனை எல்லா நோய்க்கும் மருந்தெனக் கொள்ளலாகாது. 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோயால் பயணம் நின்றபோது, சுற்றுலாவை மட்டுமே நம்பியிருந்த ஊர்கள் பல நாடுகளிலும் வருவாயிழந்தன. ஆதலின் உழவு முதலிய பிற தொழில்களும் உடனிருத்தல் வேண்டும். பயணிகள் அளவுக்கு மிஞ்சினால் காடே குப்பைமேடாகும் என்பதையும் மறத்தலாகாது.

விடுமுறையில் மலைக்கும் காட்டுக்கும் குடும்பத்தோடு செல்லும் நாம், பிள்ளைகளுடன் அமர்ந்து பின்வரும் வினாக்களை எண்ணிப் பார்த்தல் நலம்.

1. நாம் செலவிடும் பணத்தில் அவ்வூராருக்குச் சேர்வது எவ்வளவு?

2. உள்ளூர் வழிகாட்டியை அமர்த்திக்கொண்டோமா? அவர் சொற்படி அமைதி காத்தோமா?

3. கொண்டு சென்ற நெகிழிப் பைகளையும் புட்டிகளையும் திரும்பக் கொண்டுவந்தோமா?

இவ்வினாக்களுக்கு நாணாமல் விடை கூற இயலுமாயின், நம் பயணம் ஓர் ஏழைக் குடும்பத்துக்குச் சோறாகவும் ஒரு மரத்துக்கு வாழ்நாளாகவும் அமையும்.