மட்டாஞ்சேரிக்கு மறுபடியும் நகராட்சி கிடைக்குமா?

கேள்வி: தாத்தா வாங்கிய வீட்டின் ஆதாரத்தில் (பத்திரத்தில்) ‘மட்டாஞ்சேரி முனிசிபாலிட்டி’ என்றிருக்கிறது. அது இப்போது செல்லுமா? எதற்கெடுத்தாலும் காயலைத் தாண்டி எர்ணாகுளம் போக வேண்டியிருக்கிறது. பழையபடி எங்களுக்குத் தனி நகராட்சி கேட்க முடியுமா?
– வாசகர், மட்டாஞ்சேரி

பதில்: ஆதாரம் செல்லும். நகராட்சி மாறினால் சொத்துரிமை மாறாது. நிலவரி ரசீதை எடுத்துப் பாருங்கள். மட்டாஞ்சேரி வில்லேஜ், கொச்சி தாலுகா என்றுதான் இருக்கும். வருவாய்த் துறையின் எல்லை வேறு, உள்ளாட்சியின் எல்லை வேறு. கட்டட வரிதான் மாநகராட்சிக்கு.

1967 நவம்பர் 1 அன்று ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் நகராட்சிகளும் வில்லிங்டன் தீவும் சில பஞ்சாயத்துகளும் சேர்ந்து கொச்சி மாநகராட்சி ஆனது. உங்கள் தாத்தா காலத்தில் மட்டாஞ்சேரி கொச்சி மகாராஜாவின் ஊர். நடந்து போகிற தூரத்திலிருந்த ஃபோர்ட் கொச்சியோ பிரிட்டிஷ் மலபாரைச் சேர்ந்தது. 1956 வரை நம் சென்னை மாநிலத்தில் இருந்தது! மழைத்தண்ணீர் எந்த அரசாங்கத்து எல்லை என்று பார்த்தா ஓடும்? அதனால் இணைத்தது தவறென்று நான் சொல்லமாட்டேன்.

பிரிக்கச் சட்டத்தில் வழியுண்டு. அரசியல் சாசனத்தின் 243கியூ பிரிவுப்படி மக்கள்தொகை, நெருக்கம், வருமானம் போன்றவற்றைப் பார்த்து ஆளுநர் அறிவிக்கை வெளியிட வேண்டும். இடறுவது வருமானம்தான். மிளகும் இஞ்சியும் மணத்த பஜார் ரோடு கிடங்குகள் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. வரி தரும் புதுக் கட்டடங்கள் பெரும்பாலும் அக்கரையில். தனிக்குடித்தனம் போகலாம், உலையில் போட அரிசி?

இங்கிலாந்திலும் செலவைக் குறைக்கவென்று உள்ளாட்சிகளை இணைக்கும் வேலை நடக்கிறது. 2023 ஏப்ரலில் கம்ப்ரியா கவுண்டியின் ஏழு மன்றங்கள் இரண்டாயின. ஆபீஸ் தூரமாகிவிடுமே என்ற பயம் அங்கேயும் உண்டு.

ஆகவே தூரத்தைக் குறைக்கக் கேளுங்கள். மட்டாஞ்சேரியில் மாநகராட்சியின் மண்டல அலுவலகம் இருக்கிறது. எந்த வேலைக்காக அக்கரைக்கு அலையவிடுகிறார்களோ அதை அங்கேயே முடித்துத் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள். 3 லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களில் வார்டு கமிட்டி வேண்டும் என்கிறது அதே சாசனம். கொச்சியில் 2011 கணக்கிலேயே 6 லட்சம் பேர். உங்கள் டிவிஷனில் (வார்டில்) அந்தக் கமிட்டி கடைசியாக எப்போது கூடியதென்று கவுன்சிலரைக் கேளுங்கள். மழுப்பினால், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மினிட்ஸ் நகல் கேளுங்கள்.