நெறி கட்டும் இடத்தில் நடப்பது

அன்புள்ள கயல்,

காலில் முள் குத்தினால் தொடையிடுக்கில் ஏன் நெறி கட்டுகிறது என்று கேட்டிருந்தாய். அங்கே இருப்பவை நிணநீர் முடிச்சுகள். கிருமி வந்த செய்தி, டி செல்கள் என்னும் நோயெதிர்ப்பு வெள்ளணுக்களுக்குப் போய்ச் சேருவது அங்கேதான்.

டி செல்லால் முழுக் கிருமியை இனங்காண முடியாது. இன்னொரு செல் கிருமியின் புரதத்தை நறுக்கி, எம்.எச்.சி. என்னும் மூலக்கூறில் ஏந்திக் காட்டினால்தான் அதற்குத் தெரியும். துண்டு என்றால் பத்து, இருபது அமினோ அமிலங்கள்தான். இப்படிக் காட்டுவதில் தேர்ந்தது டென்ட்ரிடிக் செல். கிளைகிளையாக நீண்டு தோலில் காத்திருக்கும். முள்ளோடு வந்த பாக்டீரியாவை விழுங்கியதும், நிணநீர் நாளம் வழியே முடிச்சுக்குக் கிளம்பிவிடும்.

1973-இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஸ்டைன்மன், சான்வில் கோன் இருவரும் சுண்டெலியின் மண்ணீரலில் இந்த டென்ட்ரிடிக் செல்லைக் கண்டு எழுதியபோது பலர் நம்பவில்லை. ஸ்டைன்மன் விடவில்லை. 2011-இல் நோபல் பரிசு அறிவிப்பதற்கு மூன்று நாள் முன்பு அவர் இறந்துபோனார். பரிசு அவர் பெயரிலேயே நின்றது.

ஒரு குறிப்பிட்ட துண்டுக்குப் பொருந்தும் டி செல், லட்சத்தில் ஒன்றோ பத்து லட்சத்தில் ஒன்றோதான். அதனால் டி செல்கள் ஓயாமல் முடிச்சுக்கு முடிச்சு சுற்றுகின்றன. டென்ட்ரிடிக் செல்லை உரசிப் பார்த்து, பொருந்தாவிட்டால் சில நிமிடத்தில் நகர்ந்துவிடும். பொருந்தியது மணிக்கணக்கில் ஒட்டிக்கொள்ளும். ரத்தத்தில் வரும் செல்களை முடிச்சு வெளியே விடாமல் பிடித்து வைக்கும். பொருந்தியவை பெருகவும் தொடங்கும். வீக்கம் அதனால்தான்.

ஆனால் ஒட்டிக்கொண்டால் மட்டும் போதாது. இந்தத் துறையிலேயே எனக்கு மிகப் பிடித்த இடம் இது. டென்ட்ரிடிக் செல் நம் சொந்தப் புரதத் துண்டுகளையும் ஏந்திக்கொண்டுதான் இருக்கும். அவற்றைக் கண்டு டி செல் கிளர்ந்தால் நம் உடலையே தாக்கும். ஆகவே இரண்டாவது ஒப்புதல் வேண்டும்: டென்ட்ரிடிக் செல்லின் பி7 மூலக்கூறு, டி செல்லின் சி.டி.28-ஐத் தொட வேண்டும். கிருமியின் வாடை பட்டால்தான் பி7 நிறைய முளைக்கும். துண்டு பொருந்தியும் பி7 தொடாவிட்டால் அந்த டி செல் முடங்கிப்போகும். பிறகு முறையாகவே காட்டினாலும் எளிதில் எழாது. டெட்டனஸ் தடுப்பூசியில் அலுமினிய உப்பு கலப்பதன் பயனும் இங்கேதான்: சுத்திகரித்த புரதம் மட்டும் போனால் டென்ட்ரிடிக் செல் அவ்வளவாக அசையாது, உப்பு அதை உசுப்பிவிடும்.

பெருகும் டி செல்லை அடக்கவும் ஏற்பாடு உண்டு. சி.டி.எல்.ஏ.-4 என்ற மூலக்கூறு அதன்மேல் தோன்றி, சி.டி.28-ஐவிட இறுக்கமாக பி7-ஐப் பிடித்துக்கொள்ளும். இந்தப் பிடியைத் தடுத்தால் டி செல்கள் புற்றுக்கட்டியைத் தாக்கும் என்று ஜேம்ஸ் ஆலிசன் 1996-இல் சுண்டெலிகளில் காட்டினார். அதில் பிறந்த இபிலிமுமாப் மருந்துக்கு 2011-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மெலனோமா என்னும் தோல் புற்று உடலெங்கும் பரவியவர்களில் சிலர் அதனால் பல ஆண்டுகள் வாழ்கிறார்கள். வேறு சிலருக்கு, அடக்கமிழந்த டி செல்கள் குடலையே புண்ணாக்கிவிடுகின்றன. அப்போது மருந்தை நிறுத்தி ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள்.

அன்புடன்,
மாமா