பழிக்கு முன் பரிசோதனை

கணினியில் இணையம் நின்றுவிட்டால் நாம் உடனே யாரையாவது குறை கூறுகிறோம். சாணார்பட்டியில் ஒரு நாள், கடைசியாகக் கணினியைத் தொட்ட ஒன்பதாம் வகுப்புத் தங்கையைக் குறை கூறினோம். அவள் அழுதுவிட்டாள். பிறகுதான் முறையாகச் சோதித்தோம்.

முதலில் ரூட்டரின் விளக்கு எரிகிறதா, கம்பி இறுகச் செருகியுள்ளதா என்று பார்க்க வேண்டும். அடுத்தது 'பிங்' என்னும் கட்டளை. 1983-ஆம் ஆண்டில் அமெரிக்கரான மைக் மூஸ் இதை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலைத் தேட ஒலியை அனுப்பி எதிரொலி கேட்பதுபோல, இது செய்தி அனுப்பி மறுமொழிக்குக் காத்திருக்கும். 127.0.0.1 என்ற எண் பதில் தந்தால் நம் கணினியின் நெட்வொர்க் மென்பொருள் நலம். ரூட்டரின் எண் பதில் தந்தால் அதுவரை வழி நலம். வெளியிலுள்ள 8.8.8.8 பதில் தந்தும் இணையதளப் பெயர்கள் மட்டும் திறக்காவிடில், பெயரை எண்ணாக மாற்றும் டி.என்.எஸ். பகுதியில் கோளாறு இருக்கக்கூடும்.

எங்கள் கணினிக்கு ரூட்டர் பதில் தரவில்லை; பக்கத்துக் கணினிக்குத் தந்தது. ஆகவே கம்பியை மாற்றினோம். இணைப்பு வந்தது! பழைய கம்பியை மேசைக்குப் பின்னால் எலி கடித்திருந்தது.

தங்கையிடம் மன்னிப்புக் கேட்டோம். கருவியானாலும் மனிதரானாலும், சோதிக்காமல் குற்றம் சாட்டலாகாது என்பதை அன்று கற்றோம்.

- பத்தாம் வகுப்பு மாணவி