கங்கு கனியும்வரை

ஷீஷா கசக்கிறது, தொண்டை எரிகிறது என்று யாராவது கூப்பிட்டால் நான் புகையிலையைப் பார்க்கவே மாட்டேன். புகையிலை வைக்கும் கிண்ணமான 'தலை'யின்மேல் இருக்கும் கரியைத்தான் பார்ப்பேன். துபாய் தேராவில் ஒரு கஃபேயில் கரி போடும் ஆளாகச் சேர்ந்து, பிறகு ஷீஷா, அதாவது ஹூக்கா, கட்டும் வேலைக்கு மாறிச் சில வருஷம் ஓட்டியவன் நான். "சதீக், ஃபஹம்!" என்று மேசை மேசையாகக் குரல் வரும். சதீக் என்றால் நண்பன், ஃபஹம் என்றால் கரி. எந்த வாசனைப் புகையிலை, எவ்வளவு விலை உயர்ந்த கண்ணாடிக் குடுவை என்பதெல்லாம் அப்புறம். கரி சரியில்லாவிட்டால் இரட்டை ஆப்பிளும் புதினாவும் ஒரே கருகல்தான்.

எங்கள் கஃபேக்கு வந்தது பெரும்பாலும் இந்தோனேசியாவின் தேங்காய் ஓட்டுக் கரி. கொட்டாங்குச்சியைக் கரியாக்கிப் பொடித்து, மரவள்ளி மாவும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து, கனசதுரமாக அழுத்தி, சூளையில் காயவைத்து அனுப்புகிறார்கள். 25 மில்லிமீட்டர் அளவில் ஒரு கிலோவுக்கு 72 துண்டு நிற்கும். காங்கேயம் பக்கத்து ஆளான எனக்குக் கொட்டாங்குச்சிக் கரி புதிதல்ல. அப்பாவின் இஸ்திரிப் பெட்டியில் கிடந்ததும் அதுதான். எங்கள் ஊர்ப் பக்கம் சுடும் கரியில் பெரும்பகுதி, தண்ணீர் வடிகட்டும் ஆக்டிவேட்டட் கார்பன் செய்யப் போய்விடுகிறது. மூன்று நான்கு டன் ஓடு எரித்தால்தான் ஒரு டன் கரி தேறும். அந்தப் புகையும், ஓட்டை அணைக்கும் தண்ணீரும் கிணறுகளை என்ன செய்கின்றன என்று அங்கே விவசாயிகள் சண்டை போடுவதும் தெரியும். 'இயற்கைக் கரி' என்று பெட்டிமேல் பச்சை இலை வரைந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கிணறுகள்தான் நினைவுக்கு வரும்.

எலுமிச்சை, ஆரஞ்சு மரக் கரியைக் கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு. குறிப்பாக எகிப்துக்காரர்கள் கட்டைக் கரி இல்லாமல் ஷீஷாவா என்பார்கள். சீக்கிரம் பற்றும், மணமும் தனி. ஆனால் ஒரு துண்டு கட்டைவிரல் அளவு, இன்னொன்று உள்ளங்கை அளவு. பட்டை ஒட்டியிருந்தால் பொறி பறக்கும். கட்டைக் கரி வந்த அன்றைக்கே மூட்டையைத் தரையில் கொட்டி அளவுவாரியாகப் பிரித்து வைத்துவிடுவோம். நெரிசல் நேரத்தில் பொறுக்கிக்கொண்டு நிற்க முடியாது. மூன்றாவது வகை, வட்டமாக வரும் உடனடிக் கரி. லைட்டர் காட்டியதும் சுர்ரென்று பொறி ஓடிப் பற்றிக்கொள்ளும். அதில் பொட்டாசியம் நைட்ரேட் போன்ற எரியூக்கி கலந்திருக்கும். பாலைவனத்துக்குப் பிக்னிக் போகிறவர்களுக்கு வசதி, நாக்குக்குத் தண்டனை. என் கையால் யாருக்கும் அதை வைக்க மாட்டேன்.

கரி வாங்கும்போது விற்பவர் பேச்சைக் கேட்காமல் இரண்டு துண்டைக் கொளுத்திப் பார்ப்பது என் பழக்கம். முழுக்க எரிந்தபின் சாம்பல் வெளிர் சாம்பல் நிறத்திலோ வெள்ளையாகவோ, உதிராமல் கரியைக் கட்டிக்கொண்டு நின்றால் நல்ல சரக்கு. பழுப்போ கருப்போ ஆகி, தொட்டதும் பொலபொலவென்று கொட்டினால், சரியாகச் சுடாத ஓடு அல்லது கலப்படம். பற்றும்போது ரசாயன வாடை வந்தாலும் வேண்டாம். சில சமயம் சரக்கு நல்லதாகவே இருக்கும், சேமித்த இடம்தான் கெடுத்திருக்கும். ஆகஸ்டில் வளைகுடாக் கரையோரப் புழுக்கம் சும்மா விடாது. திறந்த பெட்டியில் கரி ஈரத்தை இழுத்துக்கொண்டு, அடுப்பில் வைத்ததும் பட்டென்று வெடித்துப் பிளக்கும். மூடி இறுகும் இரும்பு டின்னில் போட்டு, தரையில் படாமல் பலகைமேல் வைத்தால் போதும்.

பற்றவைப்பதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். மின்சுருள் அடுப்பில் தேங்காய்க் கரி முழுதாகக் கனிய 8 முதல் 12 நிமிடம் ஆகும். பாதியில் புரட்டிவிட வேண்டும். மேலே சாம்பல் பூத்ததும் தயார் என்று எடுத்துவிடுவார்கள்; இடுக்கியால் தூக்கி நடுப்பகுதியைப் பாருங்கள், ஒரு கருப்புக் கோடு ஓடும். அந்தக் கோடு மறையாத கரியைத் தலைமேல் வைத்தால் முதல் பத்து நிமிடம் இழுப்பவர் வாயில் கரி நாற்றம்தான். கஃபேயின் வெளிச்சத்தில் கங்கின் நிறம் ஏமாற்றும், அதனால் அடுப்பை விளக்கு நேராகப் படாத மூலையில் வைத்திருந்தோம். வீட்டுச் சமையல் காஸ் அடுப்பில் வைக்கிறவர்கள் பர்னர் ஓட்டையெல்லாம் சாம்பல் அடைத்துவிட்டது என்று பின்னால் புலம்புவார்கள்.

மைசூர்பாகு வில்லை அளவுள்ள இந்தத் துண்டுகளில் மூன்று போதும், அலுமினியத் தாள் கட்டிய ஒரு தலைக்கு. நடுவில் வைக்கக் கூடாது, ஓரத்தில்தான். நடுவில் வைத்தால் அடியில் இருக்கும் புகையிலை மட்டும் கருகிப்போய் ஓரம் பச்சையாக நிற்கும். வைத்து மூன்று நான்கு நிமிடம் விட்டுவிட்டு அப்புறம் இழுக்கச் சொல்லுவேன். கசந்தால் ஒரு துண்டை எடுத்துவிட்டு, குழாயில் ஊதி உள்ளே தேங்கிய புகையை வெளியேற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கால் மணிக்கு ஒருமுறை துண்டுகளைத் தட்டி, இடம் மாற்றிவைக்க வேண்டும். சாம்பல் தாளின் துளைகளை அடைத்தால் சூடு இறங்காது. இந்த வேலையில் கைதேர்ந்த ஒரு எகிப்துப் பெரியவர் எங்களோடு இருந்தார். தாளுக்கு மேலே உள்ளங்கையைக் காட்டியே எந்தப் பக்கம் சூடு குறைவு என்று சொல்லிவிடுவார். நான் எத்தனை முறை முயன்றும் கை சுட்டதுதான் மிச்சம்.

கரியில் வேலை செய்கிறவன் சொல்லியே ஆக வேண்டியது வேறொன்று. நன்றாகக் கனிந்த கரியில் விஷவாயு வராது என்று கஃபேக்காரர்களே நம்புகிறார்கள். அது தவறு. கங்கு சிவந்து எரியும்போதும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டேதான் இருக்கும். தேங்காய்க் கரியானாலும் எலுமிச்சைக் கரியானாலும் அப்படித்தான். அதற்கு நிறமும் மணமும் கிடையாது, குடுவைத் தண்ணீர் அதை வடிகட்டவும் செய்யாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். வெளிக்காற்றில் வந்து நின்றாலும் பாதி இறங்கவே நான்கைந்து மணி நேரம் ஆகும். ஒரு மணி நேர ஷீஷாவில் உள்ளே போகும் புகை, ஒரு சிகரெட் புகையைப் போல 100 முதல் 200 மடங்கு வரை இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட குறிப்பில் இருக்கிறது.

குளிர்காலத்தில் கஃபேயின் கூடாரத் திரையை இழுத்து மூடிவிட்டு உட்காருவார்கள். அந்த மாதங்களில்தான் இளைஞர்கள் எழுந்து நின்றதும் தள்ளாடி விழுவதைப் பார்த்திருக்கிறேன். சாப்பிடாமல் வந்திருப்பான், புகையிலை கடுமை என்பார்கள். வேலை முடியும்போது எங்களுக்கு நெற்றியில் இறுக்கிக் கட்டியது போல் வலிக்கும். இழுக்கிறவனாவது ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறான், அடுப்படியில் நிற்கிறவன் முழு ஷிப்டும் அதையே சுவாசிக்கிறான். அடுப்பை வெளிச்சுவர் ஓரம் மாற்றி, மேலே புகைபோக்கி விசிறி போட்டபின் எங்களுக்கு வலி குறைந்தது. தலைசுற்றல், குமட்டல் என்று யாராவது சொன்னால் தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பதல்ல வேலை, உடனே திறந்த வெளிக்குக் கூட்டிப்போக வேண்டும், தெளியாவிட்டால் ஆம்புலன்ஸ். புகை எச்சரிக்கைக் கருவி மாட்டியிருக்கிறதே என்றால் அது இந்த வாயுவைக் கண்டுபிடிக்காது, கார்பன் மோனாக்சைடுக்கென்று தனிக் கருவி உண்டு. வீட்டறைக்குள், காருக்குள் கரி கொளுத்துவதைக் கேள்விப்பட்டாலே எனக்குப் பதறும்.

ஊருக்கு வந்தபின் இங்கே ஒரு ஹூக்கா கடை போடலாமே என்று சிலர் கேட்டார்கள். தமிழ்நாடு சட்டமன்றம் 2022இலேயே ஹூக்கா பார்களுக்குத் தடை கொண்டுவந்துவிட்டது. தடை இல்லாவிட்டாலும் போட்டிருக்க மாட்டேன்.

கடைசியாக, எரிந்த கரியை என்ன செய்வது. சாம்பல் பூத்து அணைந்தது போல் தெரியும் துண்டுக்குள் மணிக்கணக்கில் நெருப்பு இருக்கும். எரியாத கரிகூடக் குவியலாகக் கிடந்தால் தானே சூடேறலாம். கப்பல் சரக்கு விதிகளில் அதற்கு ஐ.நா. எண் 1361 கொடுத்து அபாயப் பொருள் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். நாங்கள் மேசையிலிருந்து வரும் கரியை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, கடை மூடும்போது தண்ணீர் ஊற்றிக் கிளறிவிடுவோம். மறுநாள் வேலைக்கு வந்து, வாளி சூடில்லை என்று தொட்டுப் பார்த்த பிறகுதான் குப்பைத் தொட்டிக்குப் போகும்.