ஹைட்ரஜனுக்கு ஒரு பத்தாயம்

ஆனி, ஆடியில் கயத்தாற்றுப் பக்கத்துக் காற்றாலைகள் ஓயாது சுழல்கின்றன; ஐப்பசி பிறந்தால் காற்று தளர்ந்துவிடுகிறது. “ஆடியில் மிஞ்சும் மின்சாரத்தைக் கார்த்திகைக்கு எடுத்து வைக்க வழியில்லையா?” என்று கிராம சபையொன்றில் முதிய விவசாயி ஒருவர் எம்மைக் கேட்டார். நல்ல கேள்வி. அதற்குரிய விடைகளுள் ஒன்று ஹைட்ரஜன்.

நீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஹைட்ரஜன் பிரியும். ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 50 யூனிட் மின்சாரமும் குறைந்தது 9 லிட்டர் தூய நீரும் வேண்டும். அதனை எரிபொருள் கலத்தில் செலுத்தினால் மின்சாரம் மீண்டும் கிடைக்கும். ஆனால் செலவிட்டதில் பாதிக்கும் குறைவே திரும்பும் என்பதை மறைப்பதற்கில்லை. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் இத்தகைய சிறு நிலையம் தொடங்கப்பட்டது. மணிக்கு 10 கன மீட்டர், அதாவது சுமார் 900 கிராம் ஹைட்ரஜன். துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கும் மின்வண்டிகளுக்கு மின்னேற்றவும் அது பயன்படும்.

தொல்லையெல்லாம் சேமிப்பில்தான். நெல்லைப் பத்தாயத்தில் கொட்டலாம். உப்பை அம்பாரமாகக் குவித்து ஓலையால் மூடலாம். ஒரு கிலோ ஹைட்ரஜனோ சாதாரண நிலையில் 11 கன மீட்டருக்கு மேல் இடம் கேட்கும். உருளையில் அடைப்பதற்கு வளிமண்டலத்தைப்போல் 350 முதல் 700 மடங்கு அழுத்தம் தருகின்றனர். திரவமாக்கவோ பூஜ்யத்திற்குக் கீழே 253 டிகிரி குளிர் தேவை.

ஆகவே அறிவியலார் வேறு வழி தேடினர். கடற்பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோல் சில உலோகங்கள் ஹைட்ரஜனை உறிஞ்சுகின்றன. பல்லேடியம் தன் பருமனைப்போல் பல நூறு மடங்கு ஏற்பதை 1860-களில் தாமஸ் கிரஹாம் கண்டார். ஆயின் அது அருவிலை உலோகம். லாந்தனமும் நிக்கலும் சேர்ந்த கலவை அறை வெப்பத்திலேயே ஹைட்ரஜனை ஏற்கும். சற்றுச் சூடாக்கினால் விட்டுவிடும். 100 கிலோ தூளில் ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவாகவே தங்கும் என்பதே குறை. வண்டிக்கு அது வீண் பாரம். ஓரிடத்தில் நிற்கும் தொட்டிக்குப் பாரம் ஒரு பொருட்டன்று. மக்னீசியம் ஐந்து மடங்கு கூடுதலாக ஏற்கும். திரும்பப் பெறுவதற்கோ 300 டிகிரி வெப்பம் வேண்டும்.

2025-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு கிட்டகாவா, ராப்சன், யாகி ஆகிய மூவருக்கு வழங்கப்பட்டது. அவர்கள் வளர்த்த உலோக-கரிமச் சட்டகங்கள் நுண்துளைகள் நிறைந்தவை. அவற்றுள் சிலவற்றில் ஒரு கிராமின் உட்பரப்பை விரித்தால் ஒரு ஏக்கரையும் மிஞ்சும்! ஆயினும் கடுங்குளிரில்தான் ஹைட்ரஜன் அங்கே மிகுதியாகத் தங்குகிறது.

உழவர் அறிந்த பத்தாயம் ஒன்றும் உண்டு. யூரியாவிற்கு மூலமான அம்மோனியாவின் எடையில் நூற்றுக்குப் பதினேழு பங்குக்கு மேல் ஹைட்ரஜன். எளிதில் திரவமாகும், கப்பலில் ஏற்றலாம். நச்சுத்தன்மையும் உடையது.

தங்கள் ஊரில் இத்தகைய நிலையம் அமைக்க விண்ணப்பம் வருமாயின், நீர் தாமிரபரணியிலிருந்து வருமா, கடல்நீரைச் சுத்திகரித்துப் பெறப்படுமா என்பதை உறுப்பினர்கள் முதலில் கேட்டல் வேண்டும். அடுத்து, எந்த அழுத்தத்தில், குடியிருப்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் சேமிப்பர் என்பது. ஹைட்ரஜனுக்கு மணமில்லை, அதன் சுடர் பகலில் கண்ணுக்குப் புலப்படுவதும் அரிது. கசிவை உணர்த்தும் கருவிகள் எங்கெங்கே வைக்கப்படும் என்பதையும் எழுத்தில் பெற்றுத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்துகொள்ளலாம்.