2734 எல்

முதல் வருஷம் ஃபிட்டிங் லேப் ஞாபகம் இருக்கா? எம்.எஸ். தகட்டை அரத்தால் ராவி ராவி கை காய்த்துப் போன பிறகு, கடைசியா நம்பர் பஞ்சை வைத்து ரோல் நம்பரை அடிப்போம். என்னோட தகட்டில் ஒரு 7 சாய்ந்து விழுந்து, பார்க்க 1 மாதிரியே இருந்தது. "இதெல்லாம் எதுக்கு சார்?" என்று கேட்டதற்கு லேப் சார் சொன்னது: "எல்லா ஜாபும் ஒரே மாதிரிதான்யா இருக்கும். நம்பர் இல்லன்னா உன்னுது எது, அவன்து எது?"

இரண்டாம் உலகப் போரில் காணாமல் போன போர் விமானங்களைத் தேடுகிறவர்களின் தலைவலியும் இதேதான். ஒரே மாடலில் ஆயிரக்கணக்கில் செய்திருப்பார்கள். எழுபது வருஷம் கழித்து ஒரு இறக்கைத் துண்டு கிடைத்தால், அது எந்த விமானம், ஓட்டியது யார் என்று எப்படிச் சொல்வது?

ஒரு விமானத்துக்குப் பொதுவாக மூன்று அடையாளம் உண்டு. முதலாவது, உடம்பில் பெரிதாகப் பெயின்ட் அடித்த ஸ்குவாட்ரன் எழுத்துகள். இரண்டாவது, ராணுவம் கொடுத்த சீரியல் நம்பர். மூன்றாவது, தொழிற்சாலை தன் கணக்குக்காக உலோகத்திலேயே பதித்த நம்பர். தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிவது முதலாவது. அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். ஒரு விமானம் விழுந்துவிட்டால் அதே எழுத்தை அடுத்து வரும் விமானத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். பழைய போட்டோவில் எழுத்தை மட்டும் பார்த்து "இதுதான் அது" என்று முடிவு கட்டினால் மாட்டிக்கொள்வோம். போட்டோ எடுத்த தேதியும் வேண்டும், சீரியலும் வேண்டும்.

போட்டோ நன்றாகவே கைகொடுத்த கேஸ் ஒன்று இருக்கிறது. 2012இல் எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில், எண்ணெய் கம்பெனி வேலையாகப் போன போலந்துக்காரர் ஒருவர் கண்ணில் ஒரு கிட்டிஹாக் விமானம் பட்டது. மணலில் வயிறு பதிந்து, கிட்டத்தட்ட முழுசாகவே கிடந்தது. அவர் எடுத்த போட்டோக்கள் உலகம் முழுக்கப் பரவின. வறண்ட காற்றில் பெயின்ட் கூட முழுக்க அழியவில்லை. எச்எஸ் என்றால் பிரிட்டிஷ் விமானப் படையின் 260ஆம் ஸ்குவாட்ரன். அங்கிருந்து ஆவணங்களுக்குப் போனால் சீரியல் ஈடி574. 1942 ஜூன் 28 அன்று, பழுதான அந்த விமானத்தை ரிப்பேருக்குக் கொண்டு போன டென்னிஸ் காப்பிங் என்ற 24 வயது விமானி போய்ச் சேரவே இல்லை.

போட்டோவில் இன்னொன்றும் இருந்தது. ரேடியோ பெட்டி விமானத்துக்கு வெளியே கழற்றி வைக்கப்பட்டிருந்தது. பாராசூட் துணியை விரித்து நிழல் செய்த அடையாளமும் இருந்தது. அப்படியென்றால் அவர் விழுந்ததும் இறக்கவில்லை; யாரையாவது கூப்பிட முயன்றிருக்கிறார். நடுங்க வைக்கிற விஷயம் அதுதான். பின்னாளில் அந்த விமானத்தை அலமெய்ன் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய் மேலே புதுப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். எழுபது வருஷ வெயில் விட்டுவைத்த சாட்சியை ஒரு பிரஷ் மூடிவிட்டது. இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

பாலைவனமாவது பெயின்டை விட்டு வைக்கிறது. கடல்?

'குட்டி இளவரசன்' படித்திருப்பீர்கள், இல்லையென்றால் பெயராவது கேட்டிருப்பீர்கள். அதை எழுதிய அந்த்வான் து செந்த்-எக்சுபெரி ஒரு விமானி. 1944 ஜூலை 31 காலை, 44 வயதில், கோர்சிகா தீவிலிருந்து தனியாகக் கிளம்பினார். விமானம் எஃப்-5பி, அதாவது பி-38 லைட்னிங் போர் விமானத்தில் துப்பாக்கிகளை எடுத்துவிட்டு கேமராக்களை வைத்தது. ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்ஸைப் படம் எடுக்க வேண்டும், அதுதான் வேலை. திரும்பவில்லை. 54 வருஷம் ஒரு தடயமும் இல்லை.

1998இல் மார்செய் பக்கம் ரியூ தீவுக்கு அருகே மீன்பிடித்துக்கொண்டிருந்த ழான்-க்ளோத் பியாங்கோ என்பவரின் வலையில் ஒரு வெள்ளிக் கைச்சங்கிலி வந்தது. அதில் எழுத்தாளரின் பெயர், மனைவி கன்சுவேலோவின் பெயர், அமெரிக்கப் பதிப்பகத்தின் முகவரி. ஊர் கொண்டாடியிருக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை. போலி என்று பலர் சந்தேகப்பட்டார்கள். கடல் இவ்வளவு பெரியது, இவ்வளவு சின்னப் பொருள் எப்படிக் கிடைக்கும் என்பது அவர்கள் வாதம். நியாயமான கேள்விதான்.

2000இல் அதே பகுதியில் லுக் வான்ரெல் என்ற முக்குளிப்பவர் கடலடியில் லைட்னிங் பாகங்களைக் கண்டார். நம்ம ஆட்களுக்குப் பிடித்த பகுதி இங்கேதான் ஆரம்பம். லைட்னிங்கில் எல்லா வகையும் ஒன்றல்ல. ஜே வகையிலிருந்து இன்ஜினுக்குக் கீழே தாடை மாதிரி காற்று நுழைவாய் வந்தது. பின்பக்க ரேடியேட்டர் கூடுகளும் அகலமாயின. எஃப்-5பி அந்த ஜே வகையிலிருந்து செய்தது. ஆக, கிடைத்த துண்டின் வடிவத்தை டிராயிங்கோடும் பழைய போட்டோக்களோடும் ஒப்பிட்டாலே, அந்தக் கடலில் காணாமல் போன லைட்னிங்குகளின் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். ஆனால் சுருங்குவது வேறு, முடிவது வேறு.

முடித்து வைத்தது ஒரு நம்பர். 2003இல் அனுமதி கிடைத்துப் பாகங்களை மேலே கொண்டு வந்து சுத்தம் செய்தபோது, ஒரு துண்டில் "2734 எல்" என்று பதிந்திருந்தது. எல் என்றால் இடப்பக்கம். 2734 என்பது லாக்ஹீட் தொழிற்சாலையின் சொந்தக் கணக்கு. அந்த நம்பருக்கு ராணுவம் கொடுத்த சீரியல் எது என்று ஆவணத்தில் பார்த்தால் 42-68223. அது எக்சுபெரி அன்று ஓட்டிய விமானம். 2004இல் உறுதி செய்து அறிவித்தார்கள். போலி எனப்பட்ட கைச்சங்கிலியின் மானமும் அதோடு திரும்பியது.

இங்கே ஒரு திருப்பம். அதே இடத்தில் ஒரு ஜெர்மன் டெய்ம்லர்-பென்ஸ் இன்ஜினும் கிடந்தது. இரண்டு விமானமும் மோதிக்கொண்டனவா என்று யாருக்கும் தோன்றும். ஆராய்ந்தால், அது 1943 கடைசியில் விழுந்த ஒரு மெஸ்ஸர்ஷ்மிட்டின் இன்ஜின். எக்சுபெரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பக்கத்தில் கிடப்பதாலேயே ஒரே விபத்து ஆகிவிடாது.

ஆனால் அந்த இன்ஜினைத் துரத்திப் பழைய ஜெர்மன் விமானிகளை விசாரித்துக்கொண்டே போனபோதுதான் ஹோர்ஸ்ட் ரிப்பெர்ட் என்ற முதியவர் கிடைத்தார். "தேட வேண்டாம், அவரைச் சுட்டது நான்" என்கிற அர்த்தத்தில் அவர் சொன்னது 2008இல் செய்தியாக வந்தது. அவரே எக்சுபெரியின் வாசகராம். பத்திரிகைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்! ஆனால் அன்றைய ஜெர்மன் ஆவணங்களில் அவர் பெயரில் அப்படி ஒரு பதிவு இல்லை. மேலே வந்த பாகங்களில் குண்டு பட்ட ஓட்டையும் இல்லை. அதற்காகச் சுடப்படவில்லை என்றும் சொல்ல முடியாது. வந்தது விமானத்தில் கொஞ்சம்தான், மீதி இன்னும் கடலில்.

2734 சொன்னது, இது எந்த விமானம் என்பதை மட்டும். ஆக்சிஜன் கோளாறா, இன்ஜினா, எதிரியா என்று அது சொல்லவில்லை. பாகங்கள் இப்போது பாரிஸ் பக்கம் லெ பூர்ஷே விமான அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. காப்பிங்கின் பெயர் அலமெய்ன் நினைவிடத்தில், கல்லறை தெரியாதவர்கள் வரிசையில் இருக்கிறது.